ஜலீல் பாய் வறுக்காத புழுக்கை

வியாழக்கிழமை காலை வத்தலக்குண்டு பேருந்தில் இருந்தபோது ஆட்டுக்கொட்டகை வேலுச்சாமி போன் செய்தார். "ஜலீல் பாய் போயிட்டாரு சார். நெஞ்சு வலின்னாராம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம்." செய்தியை ஜீரணிக்க முடியவில்லை என்று இம்மாதிரி அஞ்சலிக் கட்டுரைகளில் எழுதுவது வழக்கம். பாய் படித்திருந்தால் சிரித்திருப்பார். ஜீரணமாகாததை அளப்பதுதான் எங்கள் இருவருக்கும் பிழைப்பு.

தீவன ஆய்வுக்கூடத்தில் நான் பரிசோதகன், அவர் உதவியாளர். வைக்கோலிலும் சோளத்தட்டையிலும் லிக்னின் என்றொரு பொருள் உண்டு. ஆட்டின் வயிற்றால் அதை ஒன்றும் செய்ய முடியாது. தின்றது அப்படியே புழுக்கையில் வந்துவிடும். மற்றவை செரித்துக் குறையக் குறைய, புழுக்கையில் அதன் பங்கு கூடும். அதை வைத்துத் தீவனம் எவ்வளவு செரித்தது என்று சொல்லிவிடலாம். பாய் அதற்குச் 'சாட்சி' என்று பெயர் வைத்திருந்தார். "உள்ள போயி எல்லாத்தையும் பாத்துட்டு, வெளிய வந்து உள்ளதச் சொல்லும் சார்" என்பார்.

புழுக்கையை மெல்லிய சூட்டில்தான் உலர்த்த வேண்டும். சூடு மிஞ்சினால் மற்ற பொருள்களும் கருகி லிக்னினோடு சேர்ந்துகொள்ளும். இதில் பாய் பிடிவாதக்காரர். ஓவனுக்குள் மூக்கை நுழைத்து மோந்து பார்க்காமல் ஒரு தட்டையும் வெளியே எடுக்கமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும்.

அரைத்த மக்காச்சோளச் சக்கை கலந்த புதுத் தீவனத்தைச் சோதித்த வாரம், மேலிடத்தில் அறிக்கை கேட்டு நெருக்கினார்கள். வெள்ளிக்கிழமை பாய் ஜும்மாவுக்குப் போயிருந்தார். நான் ஓவனின் சூட்டைக் கூட்டினேன். திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"வறுத்த வாடை வருதே. இது ஆகாது சார். வேற புழுக்கை எடுத்துட்டு வாரேன், செத்த நேரம் பொறுங்க."

"உங்க வேலையப் பாருங்க பாய்" என்றேன். கருகியதெல்லாம் லிக்னின் கணக்கில் ஏறிவிட, தீவனம் அபாரமாகச் செரிப்பதாக அறிக்கை போனது.

ஆடு வளர்க்கும் சேவுகம்பட்டிப் பேச்சியம்மாள் அதை நம்பிப் புதுத் தீவனத்துக்கு மாறி, கடலைக்கொடி போடுவதை நிறுத்தினார். கோடையில் அவருடைய ஆடுகள் எலும்பும் தோலுமாயின. சினை ஆடுகள் இரண்டு செத்தன. "போட்ட அம்புட்டையும் தின்னுச்சு சார், ஒண்ணுந் தேறலையே" என்று ஆய்வுக்கூட வாசலில் நின்று அழுதார்.

விசாரணை வந்தது. உலர்த்துவது யார் பொறுப்பு என்று கேட்டார்கள். பாய் என்னைப் பார்த்தார்; நான் குனிந்துகொண்டேன். "நம்ம கையாலதான் வறுபட்டுப் போச்சு சார்" என்றார். நம் பேச்சில் 'நம்ம' என்பதை 'என்' என்றும் எடுத்துக்கொள்ளலாம். அவர்கள் 'என்' என்றே எழுதிக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை. அதன்பிறகு ஓய்வு பெறும்வரை பாய்க்கு வாசல் கேட்டில்தான் வேலை. தினமும் நான் வண்டியை நிறுத்தும்போது சலாம் சொல்வார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

அடக்கத்தன்று அவர் மகள் எனக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். "உக்காருங்க. அத்தா எப்பவும் ஒங்களப் பத்தித்தான் பேசுவாங்க. நம்ம சார், நம்ம சார்ம்பாங்க." என்னால் உட்கார முடியவில்லை.

அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் ஓவனில் புழுக்கையைக் கருகவிட்ட பாய். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்த 'நம்ம' ஒன்றுதான். அதில் அவருக்குப் பங்கில்லை. ஓவனின் குமிழைத் திருகியது என் கை.