பறந்துபோனதாக அவர் சொன்ன கிளி

சிவசாமி சார் காலமான செய்தியைச் சைக்கிளில் வந்து சொன்னவர் நம் பள்ளியின் பழைய கிளார்க். உறையூரில் என் வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்றேன். "நேத்து சாப்பிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கலை சார். பத்து மணிக்கு எடுக்கறாங்க. பஸ்ஸுக்கெல்லாம் நிக்காதீங்க, பின்னாடி உக்காருங்க" என்றார். வாயைக் கொப்பளித்துவிட்டு அப்படியே ஏறி உட்கார்ந்தேன். காட்டூரில் தெருவை அடைத்துப் போட்டிருந்த பந்தலிலேயே அவர் முகத்தைப் பார்த்தேன். கடைசிவரை கூடப் போய்விட்டுத் திரும்பினேன். வீட்டுக்குள் போகவில்லை. அத்தனை வருஷப் பழக்கத்தில் அந்த வீட்டுக்குள் நான் ஒரு தடவைகூடப் போனதில்லை என்பது அன்று எனக்கு விசேஷமாகத் தோன்றவில்லை.

ஸ்ரீரங்கத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வகுப்புக்குள் நுழையும் முன் வாசலில் நின்று இரண்டு தரம் செருமுவாரே, அந்தச் சத்தம் மூன்று வகுப்புகளுக்குக் கேட்கும். தொண்டையில் சாக்பீஸ் தூள் தங்கிவிட்டதோ என்று ஒருநாள் கேட்டேன். "அதெல்லாம் இல்ல சார். உள்ள பசங்க அடிச்சிக்கிட்டு இருப்பானுங்க. நாம போய் நிக்கறதுக்குள்ள சண்டையை முடிச்சிக்க ஒரு அவகாசம் குடுக்கணும்ல?" என்றார். நானும் ஆசிரியன்தான். எனக்கு அது தோன்றியதில்லை.

என் மனைவி டைபாய்டில் கிடந்தபோது என் பிற்பகல் வகுப்புகளை யாரிடமும் சொல்லாமல் அவரே எடுத்துக்கொண்டார். அறிவியல் ஆசிரியர் சரித்திரம் நடத்தியிருக்கிறார். என்ன நடத்தினீர்கள் என்று கேட்டதற்கு, "நீங்க விட்ட எடத்துலேர்ந்து ராஜாவைச் சண்டைக்கு அனுப்பிட்டேன். ஜெயிச்சாரா தோத்தாரான்னு நீங்களே வந்து சொல்லிக்குங்க" என்றார். அப்படிப்பட்ட மனிதர். இதோடு நிறுத்திக்கொண்டால் நல்ல அஞ்சலியாக இருக்கும். ஆனால் நான் ஒரு கிளியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

ஐம்பத்தைந்தாம் வருஷ வாக்கில் ஒரு காற்று நாளில், கோபுரத்துப் பொந்திலிருந்து விழுந்த கிளிக்குஞ்சு ஒன்று, அப்போது ஸ்ரீரங்கத்தில் இருந்த என் வீட்டு முற்றத்தில் கிடந்தது. இடது காலில் ஒரு நகம் இல்லை. மூக்கின் நிறத்தைப் பார்த்துப் பவளம் என்று பெயர் வைத்தோம். அந்த மூக்கால் அது எல்லோரையும் கடித்தது. ஊறவைத்த கடலையை வைத்தால் கடலையை விட்டுவிட்டு விரலைப் பிடிக்கும். சிவசாமி சார் தினமும் மாலையில் வந்து எதிரே உட்கார்ந்துகொள்வார்.

"மூக்குல பென்சிலால ரெண்டு தட்டு தட்டுங்க சார், தானா விடும்" என்பார்.

நான் தட்டவில்லை. புதிதாகப் பள்ளிக்கு வரும் பிள்ளை சிலேட்டைத் தூக்கி எறிகிறது. நாம் கத்தினால் அடுத்த நாளும் எறியும். பேசாமல் எடுத்துக் கையில் கொடுத்துக்கொண்டே இருந்தால் அதற்கே அலுத்துவிடும். கிளிக்கும் அதுதான். விரலை நீட்டினால் அது கவ்வ வாகாக இருக்கும். அதனால் விரல்களை மடக்கிப் புறங்கையைக் கொடுத்தேன். கடித்தபோது கையை இழுக்கவில்லை. இழுத்தால், கடித்தால் கை விலகிப் போய்விடும் என்று அது கற்றுக்கொள்ளும். ரத்தம் வந்த நாட்கள் உண்டு. அப்போதெல்லாம் அவர் பக்கத்தில் நின்று, "மெதுவா சார், மெதுவா" என்று பதறுவார். கடி பட்டவனைவிட அவருக்குத்தான் வலித்தது போலிருக்கும்.

அந்த ஆவணிக்குள் பவளம் என் புறங்கையில் தானாக ஏறி நின்றது. அவரை மட்டும் கடித்தது. "பொறுமைக்கும் ஒரு பீரியட்தான் சார், எனக்கு மணி அடிச்சிருச்சு" என்று கையைத் துடைத்துக்கொள்வார். இறகை நறுக்கிவிடச் சொல்லி நச்சரித்தார். பழகிய பறவைக்கு அது வேண்டாம் என்று நான் மறுத்துவிட்டேன்.

அடுத்த வருஷம் என்னை உப்பிலியபுரத்துக்கு மாற்றினார்கள். அங்கே கிடைத்தது ஒற்றை அறை; சுற்றிலும் பூனைகள். நல்ல வீடு பார்க்கும்வரை கிளி தம்மிடம் இருக்கட்டும் என்றார் அவர். கையை எப்படிக் கொடுப்பது, எப்போது பேசாமல் இருப்பது என்று ஒரு ஞாயிறு முழுக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கூண்டை ஒப்படைத்தேன். தீபாவளிக்குச் சில நாள் முன்பு பஸ் ஏறி உப்பிலியபுரத்துக்கே வந்துவிட்டார். கண் சிவந்திருந்தது.

"பறந்துடுச்சு சார். கூண்டைக் கழுவத் திறந்தேன், கை மேலேருந்து அப்படியே போயிடுச்சு."

இறகு நறுக்காதது என்னால் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். "நான் ஒண்ணும் சொல்ல வரலை சார். சொன்னா உங்க மனசு கஷ்டப்படும்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரும் கொள்ளிடக்கரைத் தென்னந்தோப்புகளில் பவளம், பவளம் என்று கூப்பிட்டபடி நடந்தோம். என் தொண்டை கட்டிவிட்டது. அவர் அதற்கப்புறமும் கூப்பிட்டார். இருட்டும்போது கோபுரத்தைக் காட்டி, "அங்கேருந்து வந்தது, அங்கேயே போயிடுச்சுன்னு வெச்சுக்குங்க சார்" என்றார். அதற்குப் பிறகு ஸ்ரீரங்கம் போகும்போதெல்லாம், மாலையில் கோபுரத்துக்குத் திரும்பும் கிளிக்கூட்டத்தை அண்ணாந்து பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. நான் பிடிவாதம் பிடிக்காமல் இருந்திருந்தால் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்துக்கொள்வேன்.

பின்னால் நான் உறையூருக்கும் அவர் காட்டூருக்கும் குடிவந்தோம். வாரம் ஒருநாள் அவர் என் வீட்டுக்கு வருவார். நான் வருகிறேன் என்றால், "வீடு சின்னது சார், உங்களுக்கு எதுக்கு அலைச்சல்?" என்பார். என்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்ற நினைப்பு என்றுதான் எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

காரியம் முடிந்த மறுநாள் துக்கம் விசாரிக்கப் போனேன். அவர் மனைவி உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். தண்ணீர்ச் செம்பை வாயில் வைத்தபோது பின்கட்டிலிருந்து செருமல் கேட்டது. இரண்டு தரம். அவரேதான். செம்பு கையிலிருந்து நழுவி மடியெல்லாம் நனைந்துவிட்டது.

"பயப்படாதீங்க, கிளிதான்" என்றார் அந்த அம்மாள்.

எழுந்து போய்ப் பார்த்தேன். இடது காலில் ஒரு நகம் இல்லை.

"பவளம்" என்றேன்.

"பவளமா? இதுக்குப் பேரு 'சார்'ங்க. 'என்னங்க சார், சாப்ட்டீங்களா சார்'னு அது கூடதான் பொழுதன்னிக்கும் பேச்சு. உங்களுக்குத் தெரியாதா? நீங்க குடுத்த கிளிதானே?"

"நானா குடுத்தேன்?"

"கடி தாங்க முடியலை, பொறுமை போயிடுச்சு, நீங்களே வெச்சுக்குங்கன்னு நீங்க சொன்னதா சொன்னாரே."

அவர் கிளியை எடுத்துக்கொண்டதைக்கூட என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. கடித்துக்கொண்டே இருந்த ஒன்று, ஒருநாள் நம் கையில் ஏறி நின்றால் திருப்பிக் கொடுக்க மனம் வராது. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். ஆனால் வீட்டில் அதை வைத்துவிட்டு வந்து என்னோடு தோப்பு தோப்பாகக் கூப்பிட்டாரே, அது எதற்கு? எனக்குப் பொறுமை இல்லை என்று ஏன் சொன்னார்? அதற்குப் போய் 'சார்' என்று பெயர் வைத்தது மரியாதையா, கேலியா? யாரிடம் கேட்பது? ஒரு சொல்லும் சொல்லாமல் படுத்துத் தூங்கிப் போய்விட்டார். கேள்வி கேட்டவன் நின்றுகொண்டிருக்கும்போதே வகுப்பை விட்டு வெளியேறும் ஆசிரியரை நான் அதுவரை பார்த்ததில்லை.

"அவர் போனதுலேருந்து யார் கிட்ட போனாலும் கொதறுது. சோறு வைக்கவே பயமா இருக்கு. நீங்க கொண்டுபோறீங்களா?" என்றார் அந்த அம்மாள். அந்த அம்மாள்மீது எனக்கு என்ன கோபம்? புறங்கையைக் கொடுத்தேன். பவளத்துக்கு என்னைத் தெரியவில்லை. எலும்புவரை கடித்தது. கையை இழுக்கவில்லை. அது கொஞ்சம் விட்டு, தலையைச் சாய்த்து, செருமிவிட்டு, "மெதுவா சார், மெதுவா" என்றது. சொல் இழுபடும் விதம்கூட அவருடையது.

நண்பர்களே, அவருடைய மூக்குக்கண்ணாடியையோ குடையையோ நினைவாக வைத்திருப்பவர்கள் உங்களில் இருக்கலாம். என்னிடம் இருப்பது இது. உறையூரில் என் வீட்டுக் கூடத்தில் கூண்டு தொங்குகிறது. காலையில் கதவைத் திறந்ததும் முதலில் செருமுகிறது, பிறகு கடிக்கிறது. சண்டையை முடித்துக்கொள்ள அவர் எனக்குக் கொடுக்கும் அவகாசம் அது என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். கையை நான் இழுத்துக்கொள்வதில்லை. சண்டையை இன்னும் முடித்துக்கொள்ளவுமில்லை.