ஆஸ்பத்திரி வராந்தாவில் ராமேஸ்வரத்துத் தண்ணீர்

சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்க ஒரு கண்ணாடி மிதவை உண்டு. நீண்ட கழுத்து, அடியில் பாதரசக் குண்டு. ஜவ்வாது மலை ஆஸ்பத்திரியில் அதை நான் கடல் தண்ணீரில் மிதக்கவிட்ட காலை இன்னும் கண்ணில் நிற்கிறது. புத்தம் புதிய மிதவைதான்; வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அது ஆடி ஆடி ஆயிரத்து இருபத்து மூன்றில் நின்றதும் டாக்டரம்மா கைதட்டிவிட்டார். "பாத்தீங்களா கம்பவுண்டர் சார், எங்க ஊர்க் கடல் அப்படியே மலையேறி வந்திருக்கு!"

எண்பதுகளின் தொடக்கம் அது. அந்த மலைக்கு மாற்றலாகி வந்த டாக்டர்கள் எல்லாரும் பெட்டியைப் பிரிக்கும் முன்பே அடுத்த மாற்றலுக்கு மனு எழுதுவார்கள். இந்த அம்மாள் மட்டும் ராமேஸ்வரத்துப் பக்கமிருந்து ஒரு கண்ணாடித் தொட்டி, கேன் கேனாகக் கடல் தண்ணீர், ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள் ஆகியவற்றோடு வந்து இறங்கினார். தொட்டியை வீட்டில் வைக்காமல், நோயாளிகள் உட்காரும் வராந்தாவில் வைத்தார். கிறுக்கு என்று நினைத்தேன். ஒரே மாதத்தில் என் நினைப்பை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. ஊசிக்குப் பயந்து காட்டுக்குள் ஓடிய பெண்கள் மீன் பார்க்க மலைமலையாக நடந்து வந்தார்கள். வந்தவர்களை அம்மாள் சும்மா விடுவாரா? வலது கையால் மீனைக் காட்டிக்கொண்டே இடது கையால் நாடியைப் பிடித்துவிடுவார்.

தண்ணீரின் பொறுப்பு என்னுடையது. வேதியியல் படித்தவன், எதற்கும் ஒரு முறை உண்டு என்று நம்புகிறவன். தொட்டியில் தண்ணீர் வற்றினால் ஊற்று நீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு எங்கேயும் போவதில்லை. அமிலம் ஏறினால் மருந்து அலமாரியிலிருந்து சிட்டிகை சோடா உப்பு. இவ்வளவு ஒழுங்காகச் செய்தும் மிதவை மேலே மேலே ஏறியது. இருபத்தைந்து, இருபத்தெட்டு, முப்பது. மிதவைதான் கெட்டுவிட்டதோ என்று ஊற்று நீரில் போட்டுப் பார்த்தேன். அங்கே ஒழுங்காக ஆயிரத்தில் நின்றது. வெயிலைத் திட்டினேன், பாத்திரம் கழுவுகிறவரைச் சந்தேகப்பட்டேன். உப்பு ஏறிக்கொண்டேதான் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் வந்து சேர்ந்தாள். ஏற்கெனவே இரண்டு குழந்தைகளை வீட்டுப் பிரசவத்தில் பறிகொடுத்தவள். இந்த முறை கால் வீங்கியிருந்தது, ரத்த அழுத்தமும் கூடியிருந்தது. பிரசவம் ஆகும்வரை இங்கேயேதான் இருக்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவள் தொட்டியைப் பார்த்துக்கொண்டே, "மீனுங்க நல்லா இருக்கற வரிக்கும் நானும் இருக்கறேம்மா" என்றாள். அவளுக்கு அது சகுனம். நானும் டாக்டரம்மாவும் தொட்டியைத் திரும்பிப் பார்த்தோம். அப்போதே ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

ஒரு மத்தியானம் மழை கொட்டி மின்சாரம் போய்விட்டது. தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டார் நின்றது. ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அவளைக் கூட்டிப்போக வந்திருந்த புருஷன் அதைப் பார்த்துவிட்டான். "இங்க வேணாம்னு சொன்னேன்ல? வா, வூட்டுக்குப் போய்டலாம்." அவள் எழுந்து தொட்டி அருகே போய், மடியிலிருந்து எதையோ எடுத்து உள்ளே போட்டாள்.

"இன்னாம்மா போடுற?"

"உப்பும் மொளகும் சார். மீனு பொழைக்கணும்னு வேண்டுதலு."

"இதுல எதுக்குப் போடுற?"

"எல்லாரும்தான் போடறாங்க. ராமேஸ்வரத்துத் தண்ணியாச்சே!"

கோயில் குளத்தில் உப்பும் மிளகும் போட்டு வேண்டிக்கொள்கிற ஜனங்கள்; ராமேஸ்வரத்துத் தீர்த்தமே வராந்தாவுக்கு வந்தால் விடுவார்களா? குனிந்து பார்த்தேன். தொட்டியின் அடியில் பரப்பிய சிப்பித் தூளுக்கு நடுவே நான் இத்தனை நாளும் கருங்கல் பொடி என்று நினைத்ததெல்லாம் மிளகு! நியாயமாக எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் உப்பு ஏறிய மர்மம் விடுபட்டதில் குதிக்கத் தோன்றியது. "மேடம், மிளகு! மிளகு!" என்று கத்திக்கொண்டு ஓடினேன்.

உப்பைச் சட்டென்று குறைத்தாலும் மீன் செத்துவிடும். ஒரு குவளை தண்ணீரை எடுத்துவிட்டு, குளுக்கோஸ் ஏற்றும் குழாய் வழியே ஊற்று நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினேன். காற்றுக்கு என்ன செய்வது? டாக்டரம்மா ரத்த அழுத்தக் கருவியின் ரப்பர் குமிழைப் பிடுங்கி, குழாயைத் தண்ணீருக்குள் விட்டு, புருஷன் கையில் கொடுத்தார்.

"அமுக்கு. நிறுத்தினா மீன் போச்சு."

அவன் எப்படிக் கிளம்புவான்? அமுக்கினான். குமிழி குமிழியாகக் காற்று போயிற்று. சற்று நேரத்தில் அவளுக்கு வலி எடுத்துவிட்டது. அழுத்தம் பார்க்க வேண்டும். ஆஸ்பத்திரியில் இருந்ததோ அந்த ஒரே குமிழ். அம்மாள் அதை வாங்கிக்கொண்டு ஓடினார். "ஒரு நிமிஷம் மீன் மூச்சைப் பிடிச்சுக்கட்டும்!" பார்த்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார்.

"கை வலிக்குது டாக்டரம்மா."

"உள்ள ஒருத்திக்கு வலிக்கிறதவிடவா?"

உள்ளேயிருந்து ஒவ்வொரு வலிக்கும் நடுவே அவள் குரல் வந்தது. "மீனு இன்னா பண்ணுது?"

"வாலை ஆட்டுது!" என்று புருஷன் கத்தினான்.

ஆட்டவில்லை. சாய்ந்தே கிடந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் மிதவையைப் பார்த்தேன். மறுபடி கேட்டாள். மறுபடியும், "வாலை ஆட்டுது!" குழாயில் சொட்டு விழுந்துகொண்டே இருந்தது. மிதவை இம்மி இம்மியாக இறங்கியது. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிக்கொண்டிருந்தவன், திறந்தபோது அலறிவிட்டான்.

"ஏய்! மெய்யாலுமே ஆட்டுது!"

உள்ளேயிருந்து, "அப்போ இத்தினி நேரம் இன்னாய்யா சொன்ன?" என்று அவள் கத்திய கத்தலில் டாக்டரம்மாவின் சிரிப்பும் கலந்து கேட்டது. மழை விடுவதற்குள் குழந்தையின் அழுகையும் கேட்டுவிட்டது. பெண் குழந்தை. புருஷன் குமிழை விடாமல் அழுதான்.

இப்போது வேலூரில் கடல் உப்பைப் பொட்டலமாக விற்கிறார்கள். கருவியை நனைத்தால் எண்ணே திரையில் வந்துவிடுகிறது. கடைக்காரப் பையன் எனக்கே விளக்கம் சொல்கிறான், கேட்டுக்கொள்கிறேன். அவன் தொட்டியில் வேண்டுதல் வைக்க யார் வரப்போகிறார்கள்?

குழந்தையோடு ஊருக்குக் கிளம்பிய அன்று அவள் டாக்டரம்மா முன் ஒரு பொட்டலத்தை நீட்டினாள். "வேண்டுதல முடிக்கணும்மா. தொட்டியில கொட்டக்கூடாதுங்கறீங்க. எங்க கொட்டறது?"

அம்மாள் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். நல்ல கல் உப்பு, மலை மிளகு. "எங்கிட்ட குடு" என்று வாங்கிக்கொண்டு உள்ளே போனார். அன்று மத்தியானம் ஆஸ்பத்திரி முழுக்க மிளகு ரசம் மணத்தது. உப்பு கொஞ்சம் தூக்கல். நான் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.