பெர்கன் பாணியில் தட்டு அடித்த தனகோட்டி

செஞ்சி பஜாரில் போய் கிளாரினெட் செல்லப்பன் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். ஒருத்தருக்கும் தெரியாது. தனகோட்டி வீடு எது என்று கேளுங்கள். சைக்கிளில் போகிறவர்கூட இறங்கி, வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடுவார். மூச்சு முட்ட பதினோரு வருஷம் கிளாரினெட் ஊதியவன் நான். தனகோட்டிக்கு ஊதத் தெரியாது, பாடத் தெரியாது, ஒரு ராகத்தின் பேர் சொல்லத் தெரியாது. எங்கள் பேண்டு செட்டில் இரண்டு பித்தளைத் தட்டுகளை ஒன்றோடொன்று மோத விடுவதுதான் அவன் வேலை. அவன் கதையைப் போய் நான் எழுத வேண்டியிருக்கிறதே என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

அனந்தபுரத்தில் பிறந்தவன் அவன். பகலில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மில்லில் மூட்டைக்கு வாய் தைப்பான். கல்யாண சீசன் வந்தால் சிவப்புக் கோட்டு மாட்டிக்கொண்டு எங்களோடு கிளம்புவான். அந்தக் கோட்டு அவனுக்கு முன்னால் இருந்த குள்ளமான ஆளுக்குத் தைத்தது. தனகோட்டி கையைத் தூக்கித் தட்டை அடிக்கும்போதெல்லாம் ஊருக்கே தொப்புள் தரிசனம் கிடைக்கும். எங்கள் மாஸ்டர் ஆதிநாராயணன் டிரம்பெட்காரர், கோபக்காரர். எங்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார். தனகோட்டியை மட்டும் திட்டவே மாட்டார்.

"அவன இன்னாத்துக்குத் திட்டணும்? மாட்டுக் கழுத்துல மணி கட்டினா அது பாட்டுக்கு அடிக்குது" என்பார்.

இது தனகோட்டிக்குச் சுருக்கென்று தைக்கும். திட்டு வாங்குகிற எங்களை அவன் பொறாமையோடு பார்ப்பான்.

அறுபத்தாறாம் வருஷம் தை மாதம். ராஜகிரி மலை அடிவாரத்தில் நாங்கள் பழகிக்கொண்டிருந்தோம். மலை ஏறி இறங்கி வந்த வெள்ளைக்காரர் ஒருவர், முகம் தக்காளியாய்ச் சிவந்து, எங்கள் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தார். மொழிபெயர்க்க ஹைஸ்கூல் வாத்தியார் ரங்கநாதன் கூட வந்திருந்தார். வந்தவர் பேர் ஓலாவ். நார்வே தேசத்தில் பெர்கன் என்ற துறைமுக ஊரின் இசைக்குழுவில் உத்தியோகமாம். என்ன வாத்தியம் என்று மாஸ்டர் கேட்டார். அவர் தனகோட்டியின் கையைக் காட்டினார். தனகோட்டி தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு அவரைக் கும்பிட்டான்.

ஓலாவ் சட்டைப்பையிலிருந்து ஒரு போட்டோ எடுத்தார். கறுப்புக் கோட்டு போட்ட ஒரு பெருங்கூட்டம். முன்னால் வரிசை வரிசையாகப் பிடில்கள், நடுவில் குழல்கள், கடைசியில் முழங்காலில் கை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் ஓலாவ்.

"ஆயிரத்தி எழுநூத்தி அறுபத்தஞ்சுல ஆரம்பிச்ச குழுவாம்" என்றார் வாத்தியார். "நம்ம கோட்டைய பிரெஞ்சுக்காரன் இங்கிலீஷ்காரன்கிட்ட உட்டுட்டுப் போன நாலாவது வருஷம்! வாத்தியம் தெரிஞ்ச ஊர்க்காரங்களும், வாசிக்கிறதே தொழிலா இருந்தவங்களும் ஒண்ணா சேந்தாங்களாம். போன வருஷம் இருநூறு முடிஞ்சுது."

"முன்னாடி கோல் வச்சினு நிக்கிறாரே, அவரு இன்னா வாசிக்கிறாரு?" என்றார் மாஸ்டர்.

"ஒண்ணும் வாசிக்க மாட்டாராம். எல்லாரும் அவரைப் பாத்துத்தான் வாசிப்பாங்க."

மாஸ்டருக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்துப்போனது. தனகோட்டிக்கு வேறு சந்தேகம். தட்டுக்காரர் ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறார்? வாத்தியார் கேட்டுச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஓடுகிற உருப்படி ஒன்று இருக்கிறதாம். அதில் தட்டுக்கு ஒரே ஓர் அடிதான். அந்த ஓர் அடிக்காக வாரம் முழுக்க எல்லோரோடும் உட்கார்ந்து பழகுவாராம். தன் இடம் வரும் வரை தாளத்தை எண்ணிக்கொண்டே இருப்பாராம். இதற்கு மாதச் சம்பளம். அடி தப்பினால் சபையே திரும்பிப் பார்க்கும், கோல்காரர் திட்டுவார்.

"திட்டுவாரா?" என்றான் தனகோட்டி, கண்ணில் ஒளியோடு.

"அந்த ஊர்ல எப்பப் பாத்தாலும் மழையாம்பா. மழையில மனுசனுக்கு இப்படித்தான் எதுனா தோணும்" என்று மாஸ்டர் அதோடு விட்டுவிட்டார். தனகோட்டி விடவில்லை.

அடுத்து ஓர் அம்மன் ஊர்வலம். தனகோட்டி தட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு, உதடு முணுமுணுக்க, எண்ணிக்கொண்டே நடந்தான். அடிக்கவில்லை. முதல் தெரு முடிந்தது, இரண்டாவது தெரு முடிந்தது. விஷயம் பரவி, கூட்டம் அம்மனை விட்டுவிட்டு அவனைப் பார்க்க ஆரம்பித்தது. வெற்றிலைக் கடைக்காரர் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கூடவே வந்தார். நான் உயிரைக் கொடுத்து ஊதினேன், ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மணி நேரம் கழித்து அம்மன் கோயிலுக்குள் போனாள்.

"இன்னாய்யா, அடிக்கவேயில்ல?" என்றார் வெற்றிலைக் கடைக்காரர்.

"எடம் வரல" என்றான் தனகோட்டி.

மாஸ்டர் அன்றைக்குத்தான் அவனை முதன்முதலாகத் திட்டினார். அரை மணி நேரம் திட்டினார். தனகோட்டி புது மாப்பிள்ளை மாதிரி தலை குனிந்து, சிரித்துக்கொண்டே கேட்டான். கடைசியில் மாஸ்டர் சொன்னார்: "வர்ற வெள்ளிக்கெழம மொளகா மண்டிக்காரர் வூட்டுக் கல்யாணம். நாதஸ்வரம் கெடைக்கல, கெட்டிமேளமும் நம்ம தலையில. ஒத்த அடி தானே? அடி. அது எடம் மாறிச்சின்னா தட்டக் குடுத்துட்டு மில்லுக்கே போயிடு."

அதற்குப் பிறகு தனகோட்டி சிரிக்கவில்லை. கோட்டும் தட்டும் இல்லாவிட்டால் அவன் வெறும் மூட்டை தைக்கிற ஆள்தான். அது அவனுக்கும் தெரியும். நான்கு நாளும் மூட்டை தைக்கும்போதே எண்ணினான். சோறு போட்ட அவன் பெண்டாட்டி சின்னப்பொண்ணு, "இன்னும் கொஞ்சம் போடட்டா?" என்று கேட்டால், "நூத்திப் பன்னெண்டு" என்றான்.

வெள்ளிக்கிழமை. மண்டிக்காரர் சிங்காரவேலுவின் மூத்த மகளுக்குக் கல்யாணம். பந்தல் நிறைந்த கூட்டம். தாலித் தட்டு எல்லோர் கையும் பட்டு மேடைக்குத் திரும்பியது. ஐயர் தாலியை எடுத்துக் கொடுத்தார். அவர் கையை உயர்த்தினால் மாஸ்டர் தலையசைப்பார், நாங்கள் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். நான் கிளாரினெட்டை வாயில் வைத்து, பாவத்தோடு கண்ணை மூடிக்கொண்டேன்.

டஞ்ஞ்ஞ்ங்!

ஐயர் கையைத் தூக்கவேயில்லை. மாஸ்டர் தலையசைக்கவில்லை. மிரண்டுபோன மாப்பிள்ளை, அதுதான் கெட்டிமேளம் என்று நினைத்துப் பரபரவென்று மூன்று முடிச்சையும் போட்டுவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் அலறி அடித்துக்கொண்டு ஊதினோம். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், ஏன் பொய் சொல்ல வேண்டும்?

மாஸ்டர் அவனைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். வேடிக்கை பார்க்க நானும் போனேன்.

"ஏண்டா முந்தி அடிச்சே? சொல்லு!"

தனகோட்டியின் முகம் சுருங்கிப் போயிருந்தது. தட்டுகளை மாஸ்டர் கையில் கொடுத்தான். கோட்டுப் பித்தானை ஒவ்வொன்றாகக் கழற்ற ஆரம்பித்தான்.

அப்போது சிங்காரவேலு மூக்கைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க மாஸ்டர். எனக்குத் தும்மல் வந்துடுச்சி. மண்டித் தும்மல். எவ்வளவோ அடக்கிப் பாத்தேன், நிக்கல. எதுர்ல மாப்ளையோட அத்தை, எங்கடா குத்தம் கெடைக்கும்னு ஒக்காந்துனு இருக்குது. தாலி ஏர்ற நேரத்துல பொண்ணப் பெத்தவன் தும்முனா அந்தம்மா சும்மா உடுமா? எம் பொண்ண காலத்துக்கும் குத்திக் காட்டாதா? இவன் ஒருத்தன்தான் என் மூஞ்சியையே பாத்துனு இருந்தான். நான் தும்மவும் இவன் அடிக்கவும் சரியா இருந்துச்சி. என் தும்மல் என் காதுலயே உழல."

மாஸ்டர் தனகோட்டியைப் பார்த்தார். "இத ஏண்டா சொல்லல?"

"சொன்னா ஊருக்குத் தெரிஞ்சிடும் மாஸ்டர். பொண்ணு பாவம்."

சிங்காரவேலு தன் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார். "எனக்கு இன்னும் மூணு பொண்ணு இருக்குது. மூணு கல்யாணத்துக்கும் இவன் வரணும். நீங்கல்லாம் தோதுப்பட்டா வாங்க" என்று சொல்லி, இன்னொரு முறை தும்மிவிட்டுப் போனார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருஷமாக நான் ஒரு மணப்பெண்ணின் முகத்தைக்கூடக் கண்ணைத் திறந்து பார்த்ததில்லை.

மாஸ்டர் தட்டுகளைத் தன் துண்டால் துடைத்தார். அவர் யாரிடமும் எதையும் கேட்கிற ஆள் இல்லை.

"சாயங்காலம் ஊர்வலம் இருக்குது. அதுல எங்கப்பா அடிப்ப? சொன்னா நாங்களும் தயாரா இருப்போம்."

தனகோட்டி தட்டுகளை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டான். "எனக்கே தெரியாது மாஸ்டர். பாத்துனேதான் இருக்கணும்."