விளைவுகளுக்கு ஒரு பக்கம்

அன்று வீட்டில் இருந்தது நான்கே பேர்: அப்பா, அம்மா, நான், எங்கள் தேயிலையை ஃபேக்டரிக்கு எடுத்துப்போகும் ஏஜென்ட். இப்போது மகள் வரலாற்று விடைக்கு ஸ்கேல் வைத்து அடிக்கோடு இழுக்கிறாள். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்துவிடும்.

அப்போது கோத்தகிரியில் மூன்று நாளாக மழை. என் பத்தாம் வகுப்புப் பரீட்சைக் கட்டணத்துக்கு மறுநாள்தான் கடைசி. இலைக்காசு வந்தால்தான் கட்ட முடியும். நான் பிரெஞ்சுப் புரட்சி எழுதிக்கொண்டிருந்தேன். ஏஜென்ட் வந்ததும் நோட்டை எட்டிப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, காரணத்துக்கே மூணு பக்கமா? விளைவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கோணும். முடிவுரை இல்லாட்டி மார்க் கொறச்சுருவாங்க."

"எங்களுக்கும் காரணஞ் சொல்லுங்க. நாலு வாரமா காசு வரலீங்களே," என்றார் அப்பா.

ஏஜென்ட் வரிசையாகச் சொன்னார். ரஷ்யாக்காரன் வாங்குவதில்லை. ஏலத்தில் தூள் தேங்கிக் கிடக்கிறது. ஃபேக்டரியிலேயே பணமில்லை. ஒவ்வொன்றையும் துணைத்தலைப்பாகப் போடலாம், அவ்வளவு ஒழுங்கு.

"அதெல்லாஞ் செரிங்க. நாளைக்கு இவ ஃபீஸு?" என்றாள் அம்மா.

ஏஜென்ட் டம்ளரைக் கையில் உருட்டினாரே தவிர, டீயைக் குடிக்கவில்லை. "திங்கக்கெழமையிலிருந்து இலை ஏத்த லாரியே வராதுங்க," என்றார்.

அப்பா என் நோட்டை மெதுவாக மூடினார். "அடுத்த வருஷம் எழுதிக்கலாஞ் சாமி."

அடுத்த வருஷம் நான் வேறொருவர் எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன்.

மகளிடம் ஃபீஸ் ரசீதைக் காட்டச் சொல்கிறேன்.

"மூணாவது தடவ கேக்கறீங்கம்மா," என்று எடுத்து நீட்டுகிறாள்.

அந்த ஏஜென்ட் எங்களுக்கு இன்னும் தரவேண்டியது எழுநூற்று இருபது ரூபாய்.