மூணு லோடு மூடாக்கு

ஆஸ்பத்திரித் தோட்டக்காரிக்குக் குடத்தக்கா என்று பேர் வைத்த புண்ணியவான் யாரென்று தெரியாது. காரணம் மட்டும் எல்லாருக்கும் தெரியும். நோயாளிகள் வரிசையில் காத்திருக்கிற முற்றத்தில் குழாய் கிடையாது. பின்கட்டிலிருந்து இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று குடம் சுமந்தே ஒன்பது மரக்கன்றுகளை நாலு வருஷத்தில் ஆளுயரத்துக்கு மேலே ஏற்றியிருந்தாள். சம்பளம் வாங்குவது ரோஜாப்பாத்திக்கும் புல்தரைக்கும். இந்த ஒன்பதும் அவள் சொந்தப் பாடு.

அவள் புருஷனுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வாரம் ரெண்டு நாள் அந்த முற்றத்தில்தான் காத்துக் கிடந்தார். பாழாய்ப்போன வெயில். காற்றில் ஈரம் வேறு. வேர்வை வழியுமே தவிர ஒரு பொட்டும் காயாது. மனுஷன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவளைச் சீண்டுவார்: "ஏம்மா, இவ்வளவு எடம் சும்மா கெடக்கு. ஒரு மரம் வெக்கக் கூடாதா?"

வைத்தாள். முதல் கன்று முழங்கால் உயரம் வருவதற்குள் அவர் போய்விட்டார். மற்ற எட்டையும் அழுதுகொண்டே வைத்தாள் என்று ஆயாக்கள் சொல்வார்கள். பொய். பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தாள்.

ரெண்டாவது கோடையில் குடம் தோற்றது. காலையில் ஊற்றின தண்ணீர் மத்தியானத்துக்குள் ஆவியாகி, இலையெல்லாம் தொங்கிவிடும். மண்ணுக்கு மேலே மூடாக்கு போட்டால்தான் ஈரம் நிற்கும். என்ன போடலாம் என்று தானே பார்த்தாள். வைக்கோல் மலிவு, பத்து நாளில் அதில் களை முளைத்து எலி குடிவந்தது. மரத்தூள் சும்மாவே கிடைத்தது. மழையில் நனைந்து அட்டை மாதிரி இறுகி, தண்ணீரை உள்ளே விடமாட்டேன் என்றது. கறுப்பு பிளாஸ்டிக்கைத் தூக்கிப் பார்த்தால் அடியில் மண் கொதிக்கிறது. கடைசியில் மரச்சீவல்தான் சரிப்பட்டது. விலையைக் கேட்டால் தலை சுற்றியது.

ஸ்டோர்காரரிடம் போனாள். வாங்குகிற சாமானெல்லாம் அவர் கையெழுத்தில்தான் வரும்.

"மரத்துக்கு ஆறு மூட்டை சார். ஒம்பதுக்கும் அம்பத்திநாலு. அரை லோடு போதும். இந்தப் புழுக்கத்துல ஆறு மாசத்துல மக்கிடும், அப்புறம் இன்னொரு அரை லோடு. நாலு விரல் கனம், அடிமரத்த விட்டு ஒரு சாண் தள்ளி."

"கட்டில்ல இருக்கறவனுக்கே போர்வை பத்தல. மரத்துக்குப் போர்வையா? நல்லா கேட்டே போ!"

ரெண்டு வருஷம் இதே கேள்வி, இதே கிண்டல். இடையில் ஒரு கன்றுகூடச் சாகாததற்கு அவள் இடுப்பைத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் வருஷம், கணக்கு முடிக்கிற கடைசி வாரத்தில், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. ஸ்டோர்காரரே முற்றத்துக்கு ஓடி வந்தார்.

"அக்கா, தோட்டப் பணம் மிஞ்சிப்போச்சு. செலவு பண்ணலேன்னா அடுத்த வருஷம் வெட்டிடுவாங்க. மூணு லோடு சொல்லிட்டேன்."

"மூணா? அரை லோடுதானே சார் கேட்டேன்."

"வேணாமா? திருப்பி அனுப்பிடவா?"

ரெண்டு வருஷம் கெஞ்சினவள் வேண்டாம் என்பாளா? இப்போது விட்டால் இனி அரை மூட்டைகூடக் கிடைக்காது என்று பயம். சரி என்று தலையாட்டினாள். மூணு லோடும் ஆம்புலன்ஸ் வழியை அடைத்துக்கொண்டு குவிந்தது. உடனே எடு என்று சத்தம். ஸ்டோரில் வைக்க இடமில்லை. நாலு விரல் ஒரு முழமானது, முழம் இடுப்பளவானது. அந்த ஒரு சாண் இடைவெளி எங்கே போனதோ! அடிமரம் ஒன்பதும் சீவலுக்குள் புதைந்து நின்றன. அவள் கையாலேயே புதைத்தாள். தெரிந்துதான் புதைத்தாள்.

நாளைக்கு விலக்கிவிடலாம் என்றிருந்தாள். மறுநாள் ஸ்டோர்காரர் விரலை ஆட்டினார்: "கை வெக்காதே! தணிக்கைக்காரங்க வந்து டேப் வெச்சு அளப்பாங்க. கொறஞ்சா என் தலை போயிடும், உன் வேலையும்தான்."

இந்த வாரம் வருவார்கள், அடுத்த வாரம் வருவார்கள் என்று நாலு மாசம் போனது. மழை பிடித்துக்கொண்டது. குவியலிலிருந்து புளித்த வாடை வந்தது. ராத்திரியில் திருட்டுத்தனமாகவாவது தோண்டியிருக்கலாம். செய்யவில்லை. வேலை போனால் கன்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்த அன்று எவன் வேலை போனாலும் போகட்டும் என்று மண்டியிட்டுச் சீவலைப் பறித்தாள். முதல் மரத்தில் கை வைத்ததும் பட்டை வெந்த கிழங்குத் தோல் மாதிரி கழன்று வந்தது. சுற்றிவர அழுகல். ஏழு மரம் அப்படி. மிச்சம் ரெண்டையும் கறையான் உள்ளே புகுந்து மாவாக்கியிருந்தது. தணிக்கைக்காரர்கள் வரவே இல்லை.

அளவுக்கு மிஞ்சினால் என்று ஆரம்பிக்கிற பழமொழியை வார்டு பையன் முதல் வாட்ச்மேன் வரை அவளிடம் சொல்லிவிட்டார்கள். அவளுக்குத் தெரியாததா? அரை லோடு என்று சொன்னதே அவள்தானே! அந்த வயிற்றெரிச்சலை எங்கே போய்க் கொட்டுவாள்? காய்ந்த மரங்களை வெட்ட ஆள் வந்தபோது பின்கட்டில் போய்க் குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வருஷக் கடைசியில் மறுபடியும் லாரிச் சத்தம். மூணு லோடு.

"மரமே இல்லையே சார்," என்றாள்.

ஸ்டோர்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஃபைல்ல ஒம்பது இருக்கே அக்கா. போன வருஷக் கணக்குப்படி வந்திருக்கு. நான் என்ன பண்ணட்டும்? ஒரு கையெழுத்துப் போடு."

போட்டாள்.

"எங்கக்கா கொட்டறது?" என்று லாரிக்காரர் கேட்டார்.

அவள் முற்றத்தைப் பார்த்தாள். வெயிலில் வரிசை சுவரோரம் வரை நீண்டிருந்தது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டிருந்த ஒரு நோயாளி, சீருடையைப் பார்த்துத் தோட்டக்காரிதான் என்று தெரிந்துகொண்டு கேட்டார்:

"ஏம்மா, இவ்வளவு எடம் சும்மா கெடக்கே. ஒரு மரம் வெக்கக் கூடாதா?"