கல் என்றொரு சொல்

அறுபதுகளின் நடுவில், தாராவியில் அக்கா வீட்டு ஒற்றை அறையில், வேலை தேடும் தம்பியாகக் கிடந்தேன். கிடைக்காவிட்டால் திருநெல்வேலிக்கு ரயிலேற வேண்டும். தோல் குடோனில் மாடாக உழைக்கும் அத்தானின் சோற்றை இன்னும் எத்தனை மாதம் தின்பது? செம்பூர்த் தொழிற்சாலை ஒன்றில் குமாஸ்தா இடம் காலி என்று கேள்விப்பட்டு, பஸ்ஸும் நடையுமாகப் போவேன். வாசல் காவல்காரர் ஒரே சொல்லில் திருப்பி அனுப்புவார். "கல்." இந்தியில் நாளை.

"என்னல சொன்னான்?" என்பாள் அக்கா.

"கல்லுன்னான்."

"நெதம் ஒரு கல்லு குடுக்கானே. சேத்து வையி, வீடு கட்டிருவோம்."

அத்தான் சட்டையைக் கழற்றியபடி, "ஏட்டி, ஆபீசர் வந்திருக்காரு, ஃபேனப் போடு" என்பார். வீட்டில் ஃபேன் கிடையாது. சிரித்துவிட்டுச் சாப்பிடுவதுதான் அந்த வீட்டில் என் வேலை.

மழை விட்டும் விடாத ஒரு நாள் காவல்காரர் சற்று நீளமாகப் பேசினார். "வோ காம் கல் தே தியா." எனக்குத் தெரிந்த இந்தியில் காம் வேலை, கல் நாளை, தே கொடு. மூன்றையும் கோத்துக்கொண்டேன். நாளைக்கு வேலை. நனைந்தபடியே, நனைவது தெரியாமல் வீடு வந்தேன். அக்கா சேமியா பாயசம் வைத்தாள்.

"மொதச் சம்பளத்துல எனக்கு ஒரு காரு வாங்கிக் குடு மாப்ள, நடந்து காலு தேயுது" என்ற அத்தான், இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

மறுநாள் இஸ்திரி போட்ட சட்டையில் போய் நின்றேன். காவல்காரர் அதே வாக்கியத்தை அலுப்போடு சொன்னார், கூடவே கட்டைவிரலைத் தோளுக்குப் பின்னால் காட்டினார். ஜன்னலுக்குள் அந்த மேசையில் வேறொருவன் எழுதிக்கொண்டிருந்தான். இந்தியில் நேற்றுக்கும் அதே சொல்தான். நாங்கள் பாயசம் குடித்ததற்கு முந்தைய நாளே வேலையைக் கொடுத்துவிட்டார்கள். சிலேடை என்றால் ரசிக்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தந்திருந்தார்கள்.

அன்று என் முகத்தைப் பார்த்ததுமே அக்கா தட்டை வைத்தாள். அத்தானின் கேலிக்காகக் காத்திருந்தேன், வந்ததும் சிரித்துவிட வேண்டும் என்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டு, "காலைல எங்கூட குடோனுக்கு வா மாப்ள. பழைய சட்டையாப் போட்டுக்க" என்றார்.

அந்த வார்த்தைகளை வெகுநேரம் தடவித் தடவிப் பார்த்தேன். கேலி எங்கேயும் இல்லை.