டிராகன் கதையில் நான் தாண்டிய பக்கங்கள்

ஒரே புத்தகத்தில் முடிந்துவிடும் கதை என்று பின்னட்டையில் போட்டிருந்ததால்தான் அதை எடுத்தேன். மலைக்கோட்டைக்குக் கீழே பழைய புத்தகம் விற்பவர், வேண்டாவிட்டால் தலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். அவ்வளவு கனம். இங்கிலீஷிலிருந்து தமிழாக்கிய டிராகன் கதை. நான் எட்டாவதோடு நின்றவன். மண்ணச்சநல்லூர் அரிசி மில், திருப்பூர் சாயப்பட்டறை, பெங்களூரில் ஓட்டல் என்று இடம் மாறிக்கொண்டே இருப்பவன். இரண்டாம் பாகம் வரும்போது எந்த ஊரில் இருப்பேன் என்று எனக்கே தெரியாது. முடிகிற கதைதான் எனக்குச் சரிப்படும்.

அப்போது திருச்சியில் ஒரு கல்யாணச் சமையல் கோஷ்டியில் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அந்த வருஷம் வைகாசியில் எங்கள் மாஸ்டருக்குத் தீக்காயம் பட்டது. திருவெறும்பூர் பக்கம் ஒரு மண்டபத்தில் பெரிய காஸ் அடுப்பைப் பற்றவைத்தார். டியூபிலிருந்து கசிந்து நின்றிருந்த காஸ் மொத்தமாகப் பிடித்துக்கொண்டது. வலது கையும் நெஞ்சும் வெந்துபோயின. ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் ரோட்டை ஒட்டிய சந்தில் இருந்த வாடகை வீட்டுக்கு வந்தபோது உயிருக்குப் பயமில்லை. வேறொன்றுக்குத்தான் பயம்.

எங்கள் தொழிலில் கல்யாணத்தின் முதல் அடுப்பை மாஸ்டர் தன் கையால் பற்றவைக்க வேண்டும். கற்பூரம் காட்டிக் கும்பிட்டு, சுருட்டிய காகிதத்தில் தீ எடுத்து வைப்பார். அதற்கப்புறம் மற்ற அடுப்புகளை யார் பற்றவைத்தாலும் சரி. முதல் அடுப்பை வைக்காதவரை மாஸ்டர் என்று யாரும் கூப்பிட மாட்டார்கள். காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார்: ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்தால் கோஷ்டி அவருடையது, இல்லையென்றால் வேறு ஆள். மாஸ்டரோ வீட்டில் மனைவி லைட்டரைத் தட்டும் சத்தம் கேட்டாலே எழுந்து தெருவுக்குப் போய்விடுவார்.

ஆடியில் கல்யாணம் கிடையாது, எனக்கும் வேலை கிடையாது. மத்தியானம் அவர் வீட்டுக்குப் போவேன். புதுத்தோல் கட்டும்போது வரும் அரிப்பில் அவருடைய இடது கை வலது கையையே தேடிப் போகும். அவர் மனைவிதான், நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், சொன்னார்: "எதையாவது பேசிக்கிட்டே இருங்க தம்பி. பேச்சு நின்னா சொறிஞ்சுக்கிறாரு."

எனக்குப் பேச வராது. புத்தகத்தை எடுத்துப் போனேன். மாஸ்டருக்கு பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் எழுத்து.

டிராகன் எப்படி இருக்கும் என்று முதலிலேயே கேட்டார். கோயில் தூண் யாளிக்கு றெக்கை வைத்த மாதிரி என்றேன்.

"தும்பிக்கை?"

"இல்லண்ணே."

"அப்ப பெரிய பல்லின்னு சொல்லு."

முதல் அத்தியாயம் முடிவதற்குள் அந்தப் பல்லி வாயைத் திறந்து ஒரு கோட்டையை எரித்தது. அவர் கைக்கட்டைப் பார்த்தேன். பக்கத்தைத் திருப்பிவிட்டேன். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது. கண்ணை இரண்டு வரி முன்னால் ஓடவிடுவேன், தீ தெரிந்தால் அது அணையும் இடத்துக்குப் போய்விடுவேன். ஒரு வாரம் இப்படி ஓடியது.

"ஏண்டா, அது என்னதான் பண்ணுது?"

"பறக்குதுண்ணே."

"பறந்து?"

"சுத்தி வருது."

"இதுக்கா ஏழு ராஜாவும் ஊரக் காலி பண்ணிட்டு ஓடுறான்? காக்காகூடத்தான் சுத்தி வருது."

அக்கா உள்ளேயிருந்து கேட்டார்: "அவங்கல்லாம் என்ன சாப்பிடுறாங்க தம்பி?"

"ரொட்டியும் கறியுங்க்கா."

"தினமுமா?"

"தினமும்."

"பாவம்."

புத்தகத்தைப் பற்றி என் எண்ணமும் அப்போது நல்லதாக இல்லை. ராஜாக்கள் அதிகம். ஒவ்வொருவனுக்கும் அப்பா, தாத்தா, வாள், வாளுக்கு ஒரு பெயர். நடந்தே போகிறார்கள், கால் வலிப்பதே இல்லை. நான் நடந்து போன ஊர்களில் முதலில் வந்தது கால் வலிதான். ஒரு உப்பு வியாபாரியின் மகள் மட்டும் எனக்குப் பிடித்திருந்தாள். அவளுக்குக் கொப்புளம் வந்தது.

அவள்தான் என்னை மாட்டிவிட்டாள். வெளியூர் போனவள் தன் ஊருக்குத் திரும்பி வருகிறாள், ஊர் சாம்பலாகக் கிடக்கிறது. அந்த ஒரு வார்த்தையை வாசித்துவிட்டேன்.

"நில்லு. சாம்பல் எங்கேர்ந்து வந்துச்சு?"

"ஊரு பழசுண்ணே."

"பழசானா இடியும். சாம்பலாகுமா?" என் முகத்தையே பார்த்தார். "அது வாயில நெருப்பு வருமா?"

"வரும்."

"எத்தனை எடத்துல தாண்டுன?"

"நெறைய."

"மொதல்லேர்ந்து எடு" என்றார்.

அக்கா ஈரக் கையோடு வெளியே வந்தார். "வேணாம் தம்பி. மூடி வச்சிட்டு வேற ஏதாச்சும் பேசுங்க."

"அவன் படிக்கட்டும். நீ இப்புடி உக்காரு."

தாண்டிய இடங்களை மட்டும் வரிசையாக வாசித்தேன். கோட்டை எரிந்தது, பாலம் எரிந்தது, தானியக் கிடங்கு எரிந்தது. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. இடது கை கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்தது. நான் நிறுத்தினால் "ம்" என்பார். ஒருமுறை எழுந்து வாசல் வரை போனார். நிலைப்படியில் நின்று திரும்பி வந்து உட்கார்ந்து, "படி" என்றார். மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதுதான். யார் ஜெயிக்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. ஒரு தீயையும் விடக் கூடாது என்பதில் மட்டும் குறியாக இருந்தார்.

உப்புக்காரன் மகள் ஊருக்கு வந்தோம். தீயோடு சேர்த்து நான் தாண்டியதில் அங்கே அரைப் பக்கம் போயிருந்தது. அவள் சாம்பலைக் கிளறி ஓட்டை இல்லாத ஒரு பானையைத் தேடி எடுக்கிறாள். தப்பித்த ஒரு குழந்தைக்குக் கஞ்சி வைக்க வேண்டும். டிராகன் எரித்த வீட்டிலேயே கனன்றுகொண்டிருந்த ஒரு கட்டையை இழுத்து, மூன்று கல்லுக்கு நடுவில் வைத்து ஊதுகிறாள்.

வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாஸ்டர், "என்ன அரிசின்னு போட்டிருக்கா?" என்றார். போடவில்லை என்றேன்.

புத்தகம் முழுவதிலும் நல்ல இடம் அந்த அரைப் பக்கம்தான் என்று இன்றைக்கும் சொல்வேன். முடிவு சரியில்லை. முந்நூறு பக்கமாகக் காணாமல் போயிருந்த ஒரு ராஜா வந்து ஒரே வெட்டில் டிராகனைக் கொன்றுவிடுகிறான். எழுதியவருக்குக் கை வலித்திருக்க வேண்டும். ஆனாலும் யாராவது கேட்டால் வாசி என்பேன், ஒரு வரியையும் தாண்டாமல். தாண்டினால் ராஜாக்கள்தான் மிஞ்சுவார்கள்.

"கொன்னுட்டானா?" என்றார் மாஸ்டர். "கொன்னுட்டு அடுப்புக்கு என்ன பண்ணுவானாம்?" என்னிடம் போனை வாங்கிக் காண்ட்ராக்டரைக் கூப்பிட்டு, முகூர்த்தத்துக்கு வருவதாகச் சொன்னார்.

மண்டபம் ஸ்ரீரங்கத்திலேயேதான். விடிவதற்கு முன் சோப்புத் தண்ணீர் கரைத்து டியூபின் இணைப்புகளில் தானே தடவி, குமிழ் வருகிறதா என்று குனிந்து பார்த்தார். திரும்பவும் தடவிப் பார்த்தார். கற்பூரம் காட்டினார். எல்லோரையும் வெளியே போகச் சொன்னார்.

"நீ போகல?"

"காய் இங்கதான இருக்குண்ணே."

காகிதத்தைச் சுருட்டிக் கற்பூரத்தில் பிடித்தார். வலது கை விரல்கள் முழுதாக மடங்கவில்லை. தீ காகிதத்தில் பாதி ஏறியது. கை அடுப்புப் பக்கம் நகரவில்லை. கீழே போட்டு மிதித்தார். வெளியே காண்ட்ராக்டரின் குரல் கேட்டது. இன்னொரு காகிதம் சுருட்டி, அதே கையில் பிடித்து, மூச்சை இழுத்துக்கொண்டு பர்னருக்குள் நீட்டி வால்வைத் திறந்தார். அடுப்பு குப்பென்று பிடித்தது. ஒரு அடி பின்னால் போனவர், திரும்ப முன்னால் வந்து வால்வைக் குறைத்தார். நீலம் சீராக நிற்கும் வரை அங்கேயே நின்றார்.

"என்னடா பாத்துக்கிட்டு நிக்கிற," என்றார். "பாலை ஏத்து. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க காப்பிக்கு வந்துருவாங்க."